சப்பை மூக்குத் துரை

ஊரை விட்டுப் போகிறவர்கள் உறவினர் வீட்டில் எதையாவது விட்டுவிட்டுப் போவது நம் தேசத்தில் வெகு காலமாக இருந்துவரும் சம்பிரதாயம். பீரோச் சாவி, துளசித் தொட்டி, தவணை பாக்கியுள்ள ஸ்கூட்டர், பரீட்சை முடியாத பையன் என்று ஏதாவது ஒன்று மிஞ்சும். "மூணே மாசந்தான்" என்று சொல்லித்தான் விட்டுப் போவார்கள். அந்த மூன்று மாதம் எந்தப் பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறதென்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் வீட்டுப் பரணில் என் சித்தப்பா அப்படி விட்டுச் சென்ற தையல் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அவருடைய பேரனுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்டன.

என் அக்காள் மகன் விட்டுச் சென்றது ஒரு நாய்க்குட்டி.

பையனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். கைநிறையச் சம்பளம் வந்தால் சிலர் நிலம் வாங்குவார்கள். இவன் இங்கிலீஷ் புல்டாக் வாங்கினான். வாங்கிப் பதினைந்து நாள் ஆவதற்குள் அவனுடைய கம்பெனியார் அவனை ஜெர்மனிக்குப் புறப்படச் சொல்லிவிட்டார்கள். பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் காலை, கையில் ஒரு பிரப்பங்கூடையுடன் புரசைவாக்கத்தில் எங்கள் மாடிப்படியேறி வந்தான்.

"மாமா, மூணு மாசந்தான். நீங்கதான் எங்கேயும் போறதில்லையே, வீட்டிலேயே உட்கார்ந்து எழுதறவர்தானே!" என்றான்.

நாவல் எழுதுகிறவனைப் பற்றி உலகம் வைத்திருக்கும் அபிப்பிராயத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நான் பதில் சொல்வதற்குள் கூடையின் மூடி திறந்தது.

உள்ளே பத்து வாரக் குட்டி. வெள்ளையில் பழுப்புத் திட்டு. நடுத்தரப் பலாப்பழத்தின் பருமன். நாலு பக்கமும் நாலு கால்கள் இருந்தன என்றாலும், அவை அந்த உடம்பைத் தாங்க வந்தவையா, அந்த உடம்பிலிருந்து தப்பிக்கப் பார்ப்பவையா என்று சொல்வது கஷ்டம். வால் என்ற இடத்தில் ஒரு முடிச்சு. முகம் முழுவதும் மடிப்பு. மடிப்புகளுக்கு நடுவே, ஆயுள் முழுவதும் வழக்குகளில் தோற்றுவந்த ஒரு வக்கீலின் பார்வை.

என் தாயாருக்கு எண்பத்திரண்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். இராசபாளையம் நாயையும் சிப்பிப்பாறை நாயையும் பார்த்துப் பழகிய கண். நாய் என்றால் மூஞ்சி நீண்டு, வயிறு ஒட்டி, ஓடினால் வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா இராசபாளையம் நாயின் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டபோது, ஏதோ தன் பிறந்த வீட்டாருக்கே பட்டம் கொடுத்ததைப் போலச் சந்தோஷப்பட்டவள். அப்பேர்ப்பட்டவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏப்பா, இது மூஞ்சியில யாரு மிதிச்சது?" என்று கேட்டாள்.

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறதென்பது எங்களுக்குப் பிறகு தெரிந்தது.

குட்டியுடன் ஒரு காகிதக் கட்டும் வந்தது. வம்சாவளிப் பத்திரம். தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறை. அதில் பாதிப் பேர் சாம்பியன்கள். எனக்கு என் கொள்ளுப்பாட்டனின் பெயர் தெரியாது. இத்தனை கௌரவமான வம்சத்தில் வந்தவனுக்கு 'டியூக்' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் தாயார் வாயில் அது முதலில் 'டூக்கு' ஆயிற்று. இரண்டு நாளில் 'தூக்கு' ஆகிவிட்டது. மங்களகரமான பெயர் இல்லைதான். ஆனால் பொருத்தமான பெயர். எங்கள் வீட்டுக்கு இருபத்திரண்டு படிகள். புல்டாக் குட்டியைப் படியில் ஏறி இறங்க விடக்கூடாது. இடுப்பு மூட்டு கெட்டுவிடும். தூங்கி எழுந்ததும் ஒரு முறை, சாப்பிட்டதும் ஒரு முறை, விளையாடி முடித்ததும் ஒரு முறை கீழே மண்தரைக்குக் கொண்டுபோனால்தான் வீட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் பழகும். ஆகவே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வீட்டில் யாராவது ஒருவர் இன்னொருவரைப் பார்த்து "தூக்கு, தூக்கு!" என்று சொல்ல வேண்டியிருந்தது. அது பெயரா, உத்தரவா என்று எனக்கும் தெரியவில்லை, நாய்க்கும் தெரியவில்லை. இரண்டுக்குமே நான்தான் எழுந்து போனேன்.

முதல் நாள் இரவு, குறட்டை ஆரம்பமாயிற்று.

நான் குறட்டைக்குப் புதியவனல்லன். ரயிலில் மேல் பெர்த்திலிருந்து வருகிற குறட்டை, கல்யாண சத்திரத்தில் நாலு திசையிலிருந்தும் வருகிற குறட்டை எல்லாம் கேட்டவன். ஆனால் ஆறு கிலோ எடையுள்ள ஒரு பிராணியிடமிருந்து அப்படி ஒரு ஓசை புறப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலை, பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் மிகுந்த மரியாதையுடன், "ராத்திரியில மாவு அரைக்கிறீங்களா, சார்?" என்று விசாரித்தார். என் மனைவிக்கு மட்டும் பெருமை. "பாருங்க, புது இடம்னு கூட இல்லாம எவ்வளவு நிம்மதியாத் தூங்குது!" என்றாள்.

தடுப்பூசி போடுவதற்காகக் கொண்டுபோனபோது கால்நடை டாக்டரிடமும் இந்தப் பெருமையைச் சொன்னாள். டாக்டர் அம்மாள் சிறு வயதுதான். ஆனால் பேச்சில் நிதானம். தூக்கின் முகவாயை ஏந்திப் பிடித்து, சிறு விளக்கொன்றை மூக்கின்மேல் அடித்துக் காட்டினார். மற்ற நாய்களுக்கு மூக்குத் துவாரம் வட்டமாக இருக்கும். இவனுக்கு அந்த இடத்தில் இரண்டு கீறல்கள்தான் இருந்தன, நகத்தால் கிள்ளி வைத்த மாதிரி.

"அம்மா, இது நிம்மதியில்லை. இவன் தூக்கத்திலேயும் மூச்சுக்காக வேலை செய்துகிட்டிருக்கான்" என்றார்.

பிறகு விளக்கினார். இந்த ஜாதியில் மண்டையோட்டைச் சுருக்கிச் சுருக்கி மூஞ்சியைத் தட்டையாக்கிவிட்டார்கள். எலும்பு சுருங்கியது, உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. நீளமான நாய்க்கு வேண்டிய அண்ணமும் நாக்கும் இந்தக் குட்டையான வாய்க்குள் மடங்கிக் கிடக்கின்றன. பெரிய ஜமக்காளத்தைச் சின்னப் பெட்டியில் திணித்து மூடியமாதிரி. போதாததற்கு மூச்சுக் குழலும் பல குட்டிகளுக்குக் குறுகலாகவே அமைந்துவிடுகிறது. மனிதனுக்கு உஷ்ணமானால் உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு வியர்வை என்பது உள்ளங்காலில் கொஞ்சம், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கவிட்டு இரைக்க இரைக்க மூச்சு விட்டுத்தான் அது தன் உடம்பைக் குளிர வைத்துக்கொள்ள முடியும். அந்த மூச்சுக்கே வழியில்லாத நாய் சென்னைப்பட்டணத்தில் மே மாதத்தை எப்படிக் கழிக்கும்?

"சித்திரைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ளே வீட்டை ஏற்பாடு பண்ணிக்குங்க" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது என் மனைவி பேசவேயில்லை. அன்று இரவு நானும் தூங்கவில்லை. முந்திய நாள் வரையில் வேடிக்கையாக இருந்த சப்தம், அர்த்தம் தெரிந்துவிட்டபின் வேறு சப்தமாகிவிட்டது. ஒவ்வொரு குறட்டைக்கும் இடையில் ஒரு சிறு நிறுத்தம் வருகிறதல்லவா, அந்த நிறுத்தத்தை எண்ண ஆரம்பித்தோம்.

நாவலாசிரியனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. ஒரு பாத்திரம் கஷ்டப்பட்டால், அதற்கு யார் காரணம் என்று முன் அத்தியாயங்களைப் புரட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. தூக்கின் முன் அத்தியாயங்களையும் புரட்டிப் பார்த்தேன்.

இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக ஒரு பொழுதுபோக்கு இருந்துவந்தது. காளையைக் கம்பத்தில் கட்டிப்போட்டு அதன்மேல் நாய்களை ஏவிவிடுவார்கள். காளையின் மூக்கைக் கவ்விப் பிடித்துத் தொங்குகிற நாய் கெட்டிக்கார நாய். ஜனங்கள் பந்தயம் கட்டிக் கைதட்டுவார்கள். இந்த வேலைக்கென்று வளர்க்கப்பட்டவன்தான் புல்டாக். 1835-இல் பிராணிவதைத் தடைச் சட்டம் வந்து அந்தக் கூத்து நின்றது. காளை பிழைத்தது; நாய்க்கு வேலை போயிற்று. வேலை போனவனைச் சும்மா விட்டிருக்கலாம். விடாமல் மேடையில் ஏற்றினார்கள். 1873-இல் இங்கிலாந்தில் கென்னல் கிளப் ஏற்பட்டது. 1875-இல் புல்டாக்குக்கென்றே ஒரு சங்கம். கண்காட்சி, மெடல், கோப்பை எல்லாம் வந்தன. மூக்கு சற்றுச் சப்பையாக இருந்த நாய்க்குப் பரிசு கிடைத்தால், அதைவிடச் சப்பையான குட்டிக்கு அடுத்த வருஷம் கிராக்கி. காளையைக் கவ்விக்கொண்டே மூச்சு விடுவதற்காகத்தான் மூக்கு உள்ளடங்கி அமைந்ததென்று ஒரு கதை சொல்வார்கள். 1817-இல் அச்சான 'கிரிப், ரோஸா' என்ற இரண்டு புல்டாக்குகளின் படம் இருக்கிறது. அதைப் பாருங்கள்: காலும் உயரம், மூக்கும் நீளம். காளையோடு சண்டை போட்ட நாய்க்கு மூக்கு இருந்தது. சோபாவில் உட்கார வந்த நாய்க்குத்தான் மூக்குப் போயிற்று.

மூஞ்சியில் மிதித்தது யார் என்று என் தாயார் கேட்டாளே, இவர்கள்தாம்.

தலை பெருத்து இடுப்புச் சிறுத்துவிட்டதால் இந்த ஜாதியில் தாய் தானாகப் பிரசவிப்பதே அபூர்வமாகிவிட்டது. பிரிட்டனில் 2010-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், புல்டாக் பிரசவங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வயிற்றைக் கீறித்தான் நடந்திருந்தன. ஆயுள் விஷயத்தைச் சொல்லவே மனம் வரவில்லை. 2022-இல் அந்த நாட்டு ராயல் வெட்டரினரி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி, பொதுவாக நாய்க்குப் பதினொரு வருஷத்துக்குச் சற்று மேல். புல்டாக்குக்கு ஏழு வருஷத்துக்குச் சற்று மேல். நார்வேயில் இது கோர்ட்டுக்கே போய்விட்டது. 2022 ஜனவரியில் ஆஸ்லோவில் ஒரு நீதிமன்றம், இங்கிலீஷ் புல்டாக் குட்டிகளை உற்பத்தி செய்வதே பிராணி நலச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அதே வருஷம் நவம்பரில் மேல் கோர்ட் அதை மாற்றிப் புல்டாக்கை விட்டுவிட்டது. நல்ல வக்கீல் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. நாய்க்கு அல்ல, நாய் விற்கிறவர்களுக்கு.

நம் ஊரில் பயம் வேறு மாதிரி. தெருக்கோடியில் குடியிருக்கும் பென்ஷன்காரர் ஒருவர் தூக்கைக் கண்டதும் எட்ட நின்று, "இது கவர்ன்மெண்டு தடை பண்ணின நாயாச்சே!" என்றார். 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் இருபத்துமூன்று ஜாதிகளைப் பற்றி ஒரு சுற்றறிக்கை விட்டது உண்மை. அதில் இருந்தது அமெரிக்கன் புல்டாக். அது வேறு ஜாதி. அந்தச் சுற்றறிக்கையையும் அடுத்த மாதமே கர்நாடக ஹைகோர்ட் ரத்து செய்துவிட்டது. அதே 2024-இல் தமிழக அரசு நாய் வளர்ப்புக் கொள்கை ஒன்று வெளியிட்டபோது, இந்தச் சீதோஷ்ணத்தில் இனப்பெருக்கம் செய்யக்கூடாதவை என்று ஒரு பட்டியல் சேர்த்தது. அதில் தட்டை மூஞ்சிக்காரர்களான பக், பிரெஞ்சு புல்டாக் இரண்டும் இருந்தன. நாய் நம்மைக் கடிக்குமே என்று கவலைப்பட்டு எழுதிய காகிதத்துக்கு, ஊரெல்லாம் விளம்பரம். நாய் மூச்சு விடுமா என்று கவலைப்பட்ட காகிதத்தைப் பற்றி அந்தப் பென்ஷன்காரர் கேள்விப்பட்டதேயில்லை. இதையெல்லாம் நான் அவருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கையில் தூக்கு அவர் செருப்பின்மேல் படுத்துத் தூங்கிவிட்டது.

இனி, வீட்டு ஏற்பாடு. என் மனைவி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். காலையில் முதல் வேலை முகம் துடைப்பது. மடிப்புகளுக்குள் ஈரமும் எச்சிலும் தங்கினால் புண்ணாகி நாற்றமடிக்கும். ஆகவே நனைத்துப் பிழிந்த துணியால் ஒவ்வொரு மடிப்பாக விரித்துத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். ஒற்றுவதுதான் முக்கியம். துடைத்துவிட்டு ஈரத்தோடு விடுவதைக் காட்டிலும் துடைக்காமல் இருப்பதே மேல். வால் முடிச்சுக்கு அடியிலும் ஒரு பள்ளம் உண்டு. அதற்கும் இதே உபசாரம். இது என் பங்கு. இலக்கிய உலகில் என்னைப் பற்றி என்னவெல்லாமோ எழுதியிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு நான் செய்யும் இந்தக் கைங்கரியத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

கழுத்தில் பட்டை கூடாது. மார்பைச் சுற்றிக் கட்டும் வார்தான் வேண்டும். வழவழப்பான மொசைக் தரையில் கால்கள் நாலு திசையில் சறுக்கின. கூடம் முழுவதும் கோரைப்பாய் விரித்தோம். குளியலறையில் வாளி, அண்டா எதிலும் தண்ணீர் நிரப்பித் திறந்து வைக்கக்கூடாது. கனத்த தலையும் குட்டைக் காலுமாக இருப்பதால் இவனுக்கு நீந்த வராது. முன்புறம் கவிழ்ந்தால் எழுந்திருக்கவே முடியாது. சாப்பாட்டுக்கு ஆழமான கிண்ணம் உதவாது, தட்டையான தாம்பாளந்தான். அதிலும் அவசரம். பந்தியில் பின்னால் ஆள் நிற்கிறதென்று தெரிந்தவனைப் போல விழுங்குவான். தீனியோடு காற்றையும் விழுங்குவான். விழுங்கிய காற்று சும்மா இருக்குமா? ஒரு மாலை, என்னிடம் கதை கேட்க வந்திருந்த பத்திரிகை உதவியாசிரியர் பேச்சின் நடுவே திடீரென்று எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். தூக்கு சாதுவாக என்னைப் பார்த்தான். குற்றம் யாருடையது என்று விளக்கவும் முடியவில்லை, விளக்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்தப் பத்திரிகைக்கு நான் இன்னும் கதை எழுதவில்லை.

என் தாயாரைத்தான் கட்டுப்படுத்த முடியவில்லை. நாய் வாசற்படி தாண்டக்கூடாது என்று முதல் வாரம் சொன்னாள். இரண்டாம் வாரம் அவள் கட்டிலுக்கடியில் அது படுத்திருந்தது. மூன்றாம் வாரம் பாயசத்தில் கரண்டியை விட்டுக்கொண்டு, "ஒரே ஒரு முந்திரிப்பழம் கொடுத்தா என்ன?" என்றாள். பாயசத்தில் போடும் அந்த உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் விஷம். இதைக் கேட்டதும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து சமையலறையில் அவளே போலீஸ்காரி. வடைக்கு நறுக்கிய வெங்காயத்தில் ஒரு துண்டு கீழே விழுந்தால் என் மனைவி பட்ட பாடு சொல்லி முடியாது.

அக்கினி நட்சத்திரம் பிறந்தது. தூக்குக்கு ஐந்து மாதம் நிறைந்திருந்தது, பதின்மூன்று கிலோ. விடியற்காலை ஐந்தரைக்குள் கீழே போய் வந்தாக வேண்டும். பிறகு சூரியன் மறைந்து தரை ஆறிய பின்தான். பகலெல்லாம் குளிர்சாதனம் வைத்த என் எழுத்து அறையில் வாசம். எனக்காக வாங்கியபோது, "எழுதறதுக்கு எதுக்கு ஏ.ஸி.?" என்று கேட்ட என் மனைவி, இப்போது, "இருபத்துநாலில் வைங்க" என்று உள்ளிருந்து குரல் கொடுப்பாள்.

மே மாதத்தின் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள். வெயில் நாற்பதைத் தாண்டியிருந்தது. பகல் ஒரு மணிக்குத் தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்த சப்தம் கேட்டது. இன்வெர்ட்டரில் மின்விசிறி மட்டும் ஓடும். அதுவும் மூன்று மணிக்கு நின்றுவிட்டது. தரையை நனைத்தோம், ஜன்னலில் ஈரத் துணி கட்டினோம். மூன்றரை மணிக்கு அவன் மூச்சின் சப்தம் மாறியது. குறட்டை போய், ரம்பம் இழுப்பது போல ஒரு சீறல். படுக்க முடியாமல் எழுந்து நின்றான். நிற்க முடியாமல் முன்காலை அகல வைத்தான். வாயிலிருந்து பசை போல எச்சில் தொங்கியது. நாக்கு நாவற்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. என் மனைவி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். நாய்க்கு நூற்றொன்று, நூற்றிரண்டு சகஜம். நூற்றைந்தரை இருந்தது.

ஓடாதே, முதலில் குளிர வை, பிறகு கொண்டு வா என்று டாக்டர் அம்மாள் சொல்லியிருந்தார். குளியலறைக் குழாயைத் திறந்தேன். மாடித் தொட்டித் தண்ணீர் அல்லவா? கை வைக்க முடியவில்லை, வெந்நீர். அப்போதுதான் என் தாயார் எழுந்தாள். குடிதண்ணீருக்காக மணல் பரப்பி அதன்மேல் அவள் வைத்திருக்கும் மண்பானையை யாரும் தொடக்கூடாது. எச்சில் பட்டுவிடும் என்று பேரப்பிள்ளைகளைக்கூட விடமாட்டாள். அந்தப் பானையைச் சரித்துச் செம்பு செம்பாக மொண்டு அவன் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் கழுத்திலும் ஊற்றினாள். ஊற்றிய பிறகு தரையில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீச ஆரம்பித்தாள். ஈரத்தின்மேல் காற்றுப் பட்டால்தான் சூடு இறங்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "விடு, அப்பா, விடு... மூச்சை விடு" என்று சொல்லிக்கொண்டே வீசினாள். அவள் என்னிடம்கூட அந்தக் குரலில் பேசி எத்தனையோ வருஷமாகிவிட்டது.

கால் மணி நேரத்தில் நூற்று நாலுக்குக் கீழே வந்தது. செருப்பில் நாய் தூங்கியதே, அந்தப் பென்ஷன்காரர் தம்முடைய காரில் குளிர்சாதனத்தைப் போட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பதின்மூன்று கிலோவை இருபத்திரண்டு படி இறக்கினேன். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி எங்களுக்குப் பக்கம். 1903-இல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்த கல்லூரி அது; பிறகு வேப்பேரிக்கு வந்தது. ஆடு, மாடு, கோழி, பூனை என்று அத்தனைக்கும் நடுவே ஒரு மேஜையில் துரையைக் கிடத்திப் பிராணவாயு வைத்தார்கள். நரம்பில் திரவம் ஏற்றினார்கள். இரவு எட்டு மணிக்கு அவன் தலையைத் தூக்கி, பக்கத்து மேஜை ஆட்டுக்குட்டியைப் பார்த்து ஒரு முறை உறுமினான். "இனிமே பயமில்லை" என்றார் அங்கே இருந்த இளைஞர்.

ஜூன் மாதத்தில் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். குட்டிகள் உற்பத்தி செய்து விற்கிறவர். தூக்கின் வம்சாவளியை எப்படியோ தெரிந்துகொண்டிருந்தார். இன்னும் ஒரு வருஷம் போனதும் தம்மிடமுள்ள பெண் நாய்களுடன் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். என் நாவல் ஒன்றின் இரண்டு பதிப்புக்குக் கிடைத்த ராயல்டியைவிட அது அதிகம். "முகம் ரொம்பப் பிரமாதம், சார். இவ்வளவு சப்பை கிடைக்கிறதே அபூர்வம்!" என்று அவன் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

என் தாயார் மூலையிலிருந்து கேட்டாள்: "பொறக்குற குட்டி மூச்சு விடுமா, தம்பி?"

அவர் சிரித்தார். "அதுக்குத்தான் ஆபரேஷன் எல்லாம் வந்திருச்சே, பாட்டி!"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வந்தவருக்கு வழக்கமாகக் கொடுக்கும் காபி அன்று வரவில்லை.

மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தி, மிஞ்சித் தொங்கும் அண்ணத்தைச் சிறிது வெட்டி, அதே மயக்கத்தில் கருத்தடையும் செய்துவிடலாம் என்று டாக்டர் அம்மாள் சொன்னார். அக்காள் டெலிபோனில் சண்டைக்கு வந்தாள். "அவ்வளவு விலை கொடுத்து வாங்கினதை ஒண்ணுமில்லாம ஆக்கிடுவியா?" என்றாள். அவள் மகன் ஜெர்மனியிலிருந்து பேசினான். அங்கே மேலும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லிவிட்டார்களாம். டிரான்ஸ்பார்மர் வெடித்த அன்று நடந்ததை நான் முழுவதும் சொன்னேன். வெகு நேரம் பேச்சில்லை. "செய்யுங்க, மாமா. செலவு நான் அனுப்பறேன். இனிமே அவன் உங்க நாய்தான்" என்றான். தையல் இயந்திரத்தைப் பற்றி என் சித்தப்பா இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஜூலையில் ஆபரேஷன் நடந்தது. தட்டை மூஞ்சி நாய்களுக்குக் கத்தியைவிட மயக்கந்தான் ஆபத்து. மயக்கம் தெளிகிற நேரம் அதைவிட ஆபத்து. தொண்டையில் செருகிய குழாயை அவசரப்பட்டு எடுக்கக்கூடாது. அவனே விழித்து அதைக் கடித்துத் துப்பப் பார்க்கிற வரையில் காத்திருக்க வேண்டும். வெளி பெஞ்சில் நானும் என் மனைவியும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கதவைத் திறந்து, "குழாயைக் கடிச்சு நாசம் பண்ணிட்டான்" என்று டாக்டர் சொன்னபோது என் மனைவி அழுதுவிட்டாள். எங்கள் வீட்டுச் செருப்புகளில் ஏழு ஜோடியும், நான் எழுதிவந்த நாவலில் பதினோராம் அத்தியாயமும் அந்தப் பற்களுக்கு இரையானபோது அவள் இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

புண் ஆறிப் பத்து நாள் இருக்கும். நடு இரவில் கூடத்தில் விளக்கு எரிவதைப் பார்த்து எழுந்து போனேன். தூக்கு பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் என் தாயார் குந்தி உட்கார்ந்து, புறங்கையை அவன் மூக்கருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

"சத்தத்தையே காணோம்பா. அதான் என்னமோன்னு முழிப்பு வந்திருச்சு" என்றாள். கையை எடுக்காமலே, "வருது, வருது. நல்லாத்தான் வருது. நீ போய்ப் படு" என்றாள்.